காலியாகாத அறை

அத்தியாயம் 4

கிருஷ்ணப்பன் தன் நேர்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. கஸ்பாருக்குப் பசித்தது. காலையில் சேலத்தில் சாப்பிட்ட இரண்டு இட்லியும் தொப்பூர்க் கணவாயின் வளைவுகளிலேயே கரைந்துபோயிருந்தன. நேர்மையைக் கேட்டு வயிறு நிரம்புவதாக இருந்தால் இந்நேரம் அவன் ஏப்பம் விட்டிருக்க வேண்டும்.

தருமபுரி ரயிலடிக்கு அருகே, பெங்களூர் ரோட்டைப் பார்த்து நிற்கும் அந்த மோட்டார் உதிரிபாகக் கிடங்கின் முதலாளி கிருஷ்ணப்பன். ஆள் குட்டை, மீசை நெட்டை. அந்த ரோட்டில் ஓடுகிற லாரிகளில் பாதிக்கு நட்டும் போல்ட்டும் தான் கொடுத்ததுதான் என்பார். மீதிப் பாதியும் சீக்கிரம் வந்துவிடும் என்பார். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரையே அடைத்துக்கொண்டு ஒரு பூஜை அலமாரி நின்றது. கதவு முழுக்கச் சாமி படங்கள், நடுவில் ஒரு பெரிய பூட்டு. சாவி முதலாளியின் அரைஞாணில் தொங்கியது. சாமிக்கு எதற்கு இத்தனை பெரிய பூட்டு என்று கேட்கக் கஸ்பாருக்கு நாக்கு அரித்தது. ஆனால் சாப்பாடு வரும்வரை வாயை அடக்குவதென்று அவன் முடிவெடுத்திருந்தான்.

வாயை அடக்குவது அவனுக்குச் சுலபமல்ல. வயது நாற்பத்தைந்து. பென்னாகரம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, பயணிகளுக்கு டிக்கெட்டைவிட அதிகமாகப் பேச்சைக் கொடுத்ததால் வேலை போனவன். அன்றிலிருந்து துப்பறியும் சென்றாயனுக்கு உதவியாளன். சென்றாயன் ஆளும் ஒல்லி, பேச்சும் ஒல்லி. இருவருக்கும் சேர்த்து கஸ்பார் பேசிவிடுவான் என்பதால் அந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். முந்தாநாள் தொப்பூர் இறக்கத்தில் ஒரு லாரி பிரேக் பிடிக்காமல் பாறையில் மோதியது. ஓட்டிவந்த சவரிக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. லாரிக்குப் பிரேக் லைனிங், அதாவது சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பட்டை, மாற்றி ஒரே ஒரு நாள்தான் ஆகியிருந்தது. லைனிங் வாங்கியது இந்தக் கிடங்கில். லாரியின் சொந்தக்காரர் அதைக் கழற்றிக் கொண்டுவந்து கிருஷ்ணப்பனின் மேஜைமேல் போட்டார். அது வறட்டியைப்போல உதிர்ந்தது. கிருஷ்ணப்பன் உடனே ரேக்கில் பிரேக் லைனிங் இருக்கும் மாடம் போன்ற அறையிலிருந்து மேலே இருந்த நாலு பெட்டிகளை எடுத்துப் பிரித்தார். நாலும் போலி. ரேக்கை நிரப்புகிற வேலை மிக்கேலம்மாளுடையது. ஆக, அசலை எடுத்துக்கொண்டு போலியை வைத்தவள் அவள்தான் என்று அவர் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. காலிழந்த சவரி மிக்கேலம்மாளின் கூடப்பிறந்த தம்பி.

"பொட்டி எந்த வண்டிக்குப் போவுதுன்னு அவளுக்கு என்ன தெரியும்?" என்றார் கிருஷ்ணப்பன். "விதிங்க. வினை வெதச்சா வூட்டுக்குள்ளயே மொளைக்குது."

நாலு மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வருகிறார். மிக்கேலம்மாளை அழைத்துப் போவார். அதற்குள் சென்றாயன் ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டால், லாரி முதலாளிகளுக்குக் காட்டிக் கிடங்கின் பெயரைக் கழுவிக்கொள்ளலாம். அதற்காகத்தான் சேலத்துக்கு டிரங்க் கால் போட்டு இவர்களை வரவழைத்திருந்தார். அறிக்கையில் என்ன எழுத வேண்டும் என்பதையும் ஒரு தாளில் அவரே எழுதி வைத்திருந்தார்.

"கையெழுத்து மட்டும் நாங்க போட்டாப் போதுங்களா?" என்று கேட்டான் கஸ்பார். முடிவெடுத்த மௌனம் அத்துடன் முடிந்தது.

சென்றாயன் எழுந்து ரேக்கைப் பார்க்கப் போனான்.

முன்கட்டில் தரையிலிருந்து தலைக்கு மேல் வரை நூற்று நாற்பது அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு சாமான். வருகிற லாரிக்காரன் கேட்டதை அறையிலிருந்து எடுத்துக் கொடுப்பவன் நஞ்சப்பன். அறை குறைந்தால் மாடியில் இருக்கும் இருப்பிலிருந்து இறக்கிவந்து நிரப்புகிறவள் மிக்கேலம்மாள். அவள் ரேக்கின் கோடியில், கவிழ்த்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். ரெண்டு நாளாகத் தூங்காத கண். கழுத்தில் சிலுவைக் கயிறு, இடுப்பில் வெற்றிலைப் பை. கஸ்பாரின் கழுத்திலும் அதே மாதிரிக் கயிற்றைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

எப்படி நிரப்புவீர்கள் என்று சென்றாயன் கேட்டான். அவனை மேலும் கீழும் பார்த்தாள். ரெண்டு நாளில் எத்தனையோ கேள்வி கேட்டார்கள், இதை யாரும் கேட்கவில்லை போலிருந்தது.

"மீதி இருக்கற பழைய பொட்டிய மொதல்ல வெளிய எடுத்துருவேனுங்க. புதுசு அடியில, பழசு மேல. இல்லாட்டி பழசு அடியிலயே கெடந்து மக்கிப்போவும். அடியிலேருந்து மூணாவது பொட்டி தலையில சுண்ணாம்பு ஒரு பொட்டு வெப்பேன். நஞ்சப்பன் எடுத்துக் குடுத்துக்கிட்டே வந்து, சுண்ணாம்பு தெரிஞ்சா என்னயக் கூப்புடுவான். இன்னம் மூணுதான் இருக்குதுன்னு அர்த்தம். நான் போயி எறக்கியாருவேன். கூப்புடாம ரொப்பக் கூடாதுன்னு மொதலாளி உத்தரவுங்க."

வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை வைத்து ஒரு கிடங்கையே காலியாகாமல் ஓட்டுகிற இந்த ஏற்பாட்டை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பத்து வருஷமாக ஓடுகிறது. முதலாளிக்கு அப்படி ஒன்று இருப்பது தெரியும், எப்படி என்பது தெரியாது. தெரிந்துகொள்ள அவர் குனிய வேண்டியிருந்திருக்கும்.

சென்றாயன் நகரப் போனபோது அவள் குரல் இறங்கியது.

"சார், ஜெயிலு கெடக்கட்டும். எனக்கு ஒண்ணு தெரியணும். என் தம்பிக்குப் போன பொட்டி என் கையால வெச்சதா?"

சென்றாயன் ரேக்கைத் திரும்பிப் பார்த்தான். தெரியாததைச் சொல்லி ஆறுதல் கொடுக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. கஸ்பாருக்கு அந்தப் பழக்கம் உண்டு, ஆனால் அவனும் அப்போது தன் கழுத்துக் கயிற்றைத் தொட்டுக்கொண்டதோடு சரி.

நஞ்சப்பனைக் கூப்பிட்டார்கள். பிரேக் லைனிங்குக்காகக் கடைசியாக எப்போது அக்காவைக் கூப்பிட்டாய் என்று கேட்டதற்கு, அவன் விரல்விட்டு எண்ணி, ஆடிப்பெருக்குக்கு மறுநாள் என்றான். இப்போது புரட்டாசி பிறந்துவிட்டது.

"ஒன்றரை மாசமா லைனிங்கே விக்கலியா?"

"ஐய, தெனம் மூணு நாலு போவுதுங்க. கணவாய் எறங்கற வண்டி நிக்காமப் போவுமா?"

"அப்புறம் ஏன் கூப்புடலை?"

"அறை ரொம்பியே இருந்துச்சுங்க. நான் கூப்புடறதுக்கு முந்தியே அக்கா ரொப்பிடறாங்கன்னு நெனச்சேன்."

"நீ கூப்புடலையேன்னு வேவாரம் படுத்துருச்சுன்னு நான் நெனச்சேன்டா," என்றாள் மிக்கேலம்மாள்.

ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றரை மாதமாக ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்து, ஒரே கடையில் டீ குடித்து, இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறார்கள். அவனுக்கு அவள் சுறுசுறுப்பின்மேல் நம்பிக்கை. அவளுக்கு அவன் கண்ணின்மேல் நம்பிக்கை. நல்லவர்கள் ரெண்டு பேர் இப்படி நம்பிக்கொண்டால் நடுவில் மூன்றாவது ஆள் வண்டி ஓட்டலாம்.

"சார், அறை தானா ஊறுது," என்றான் கஸ்பார். "மாதாகோயில்ல எழுதிக் குடுத்தா புதுமைன்னு, அற்புதம்னு சேத்துக்குவாங்க."

சென்றாயன் சிரிக்கவில்லை. மாடிக்குப் போகலாமா என்று முதலாளியைக் கேட்டான். கிருஷ்ணப்பன் குஷியாக முன்னால் ஏறினார்.

மாடியில் பிரேக் லைனிங் மரக்கேஸ்கள் சுவரோடு அடுக்கியிருந்தன. வைகாசியில் மதராஸ் கம்பெனியிலிருந்து வந்தவை. கம்பெனி முத்திரை ஒன்றுகூடக் கலையவில்லை. கடைசியாக ஒரு கேஸ் உடைத்தது ஆடிப்பெருக்குக்கு மறுநாள், அதற்குப் பிறகு ஒன்றைக்கூடத் தொடவில்லை, புத்தகத்திலும் அப்படியே இருக்கிறது என்றார் கிருஷ்ணப்பன். தன் நிர்வாகத்தின் அழகைப் பார்த்து அவருக்கே கண் கலங்கிவிடும் போலிருந்தது.

"எண்ணிக்குங்க. ஒண்ணு கொறஞ்சிருந்தா இந்த மீசைய எடுத்துடறேன்."

கஸ்பார் எண்ணினான். குறையவில்லை. கிருஷ்ணப்பன் மீசையைத் தடவிக்கொண்டு, தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்பதற்கு மேலும் சான்றுகளை அடுக்கினார். காலை ஆறு மணிக்குத் தானே வந்து பூட்டைத் திறப்பார். சாமிக்குச் சாம்பிராணி போடுவார். எட்டு மணிவரை கிடங்கில் வேறு ஒரு ஈ காக்கை கிடையாது. ஆட்கள் வந்தால் வாசலிலேயே நிறுத்திச் சோதனை. மிக்கேலம்மாளின் தூக்குப்போசியைக்கூடத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார், சாயந்தரம் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்.

"கொழம்பையும் கலக்கிப் பாப்பீங்களா?" என்றான் கஸ்பார்.

"கலக்கித்தான் பாப்பேன்," என்றார் முதலாளி பெருமையாக.

கீழே வந்ததும் சென்றாயன் மிகவும் பணிவாக ஒரு உதவி கேட்டான். அறிக்கையில் கிடங்கின் ஒழுங்கைப் பற்றி ஒரு பாரா எழுத வேண்டும். ஒரு அறையை நிரப்புவது எப்படி என்று முதலாளியே ஒருமுறை செய்து காட்டினால் உதவியாக இருக்கும். பக்கத்தில் ஃபேன் பெல்ட் அறை பாதி காலியாக இருந்தது. மாடியிலிருந்து இறக்கிவைத்த புதுப் பெட்டிகள் தரையில் கிடந்தன.

கிருஷ்ணப்பன் சட்டைக்கையை மடித்தார். புதுப் பெட்டிகளை ரெண்டு ரெண்டாக எடுத்து, உள்ளே கிடந்த பழையவற்றின் தலைமேல் டப் டப்பென்று அடுக்கினார். அரை நிமிஷத்தில் அறை நிரம்பிவிட்டது.

"அவ்வளவுதாங்க. இதுக்குப் போயி எல்லாத்தையும் வெளிய எடுத்து, மறுபடி உள்ள வெச்சு, பொட்டு வெச்சு... பொம்பளைங்க வேலைய இழுத்தடிக்கறதுக்குப் பண்றது."

 மிக்கேலம்மாள் அந்த அறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கை தன்னையறியாமல் முன்னால் வந்தது, அந்தப் பெட்டிகளைத் திரும்ப இறக்கி ஒழுங்காக வைக்க. அப்புறம் தான் குற்றவாளி என்ற நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டாள்.

கஸ்பாருக்கு அப்போது பென்னாகரம் பஸ் ஞாபகம் வந்தது. உள்ளே போங்க, உள்ளே போங்க என்று எத்தனை கத்தினாலும் ஏறுகிறவன் படியோரமே நிற்பான். கடைசியில் ஏறினவன் முதல் நிறுத்தத்தில் இறங்கிவிடுவான். முதலில் ஏறி உள்ளே மாட்டிக்கொண்ட கிழவர் பென்னாகரம் வரை இறங்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

"சார்," என்றான், இந்தத் தடவை சிரிக்காமல். "அந்த லைனிங் அறையில, அடியில ஒரு கெழவர் உக்காந்திருப்பாருங்க."

"அவரத்தான் பாக்கப் போறோம்," என்றான் சென்றாயன்.

சப்-இன்ஸ்பெக்டர் நாலு மணிக்குச் சரியாக வந்தார். அவர் முன்னாலேயே சென்றாயன் லைனிங் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். கஸ்பார் பிரித்து நகத்தால் கீறினான். முதலாளி பிரித்த நாலையும் சேர்த்துப் பதினேழு பெட்டிகள். பதினேழும் நகத்துக்கு மாவாக உதிர்ந்தன. ஒவ்வொன்று உதிரும்போதும் கிருஷ்ணப்பன் மிக்கேலம்மாளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆறாவது பெட்டியிலேயே கஸ்பாரின் மூக்கு எதையோ கண்டுபிடித்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை. அவன் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

பதினெட்டாவது பெட்டி வேறு மாதிரி இருந்தது. வெளியே தெரிந்த விளிம்பில் பெங்களூர் ரோட்டின் செம்மண் புழுதி தடிமனாகப் படிந்திருந்தது. பிரித்தான். நகம்தான் தேய்ந்தது, லைனிங் தேயவில்லை. அசல். அதற்குக் கீழே இருந்த ஆறும் அசல். அடியிலிருந்து மூன்றாவது பெட்டியின் தலையில், காய்ந்து வெடித்துப்போய், ஒரு சுண்ணாம்புப் பொட்டு இருந்தது.

"ஆடிப்பெருக்குக்கு மறுநாள் வெச்ச பொட்டு," என்றான் சென்றாயன். "இந்தக் கிடங்குலயே வேகமாப் போற சாமான் இதுதான். ஆனா அடியில இருக்கற ஏழு பொட்டி ஒன்றரை மாசமா அசையல. ஏன்னா யாரோ மேல மேல போட்டு ரொப்பியிருக்காங்க. இந்தம்மா ரொப்பியிருந்தா இந்த ஏழும் என்னைக்கோ மேல வந்து வித்துப்போயிருக்கும்."

கிருஷ்ணப்பன் குறுக்கே புகுந்தார். மாட்டிக்கொண்டால் இப்படிச் சொல்லித் தப்பிக்கலாம் என்று அவளே அப்படி அடுக்கியிருப்பாள் என்றார். கெட்டிக்காரி சார், பத்து வருஷப் பழக்கம் சார் என்றார்.

"இருக்கலாம்," என்றான் சென்றாயன். "ஆனா அவங்க அசலத் திருடியிருந்தா மாடியில கொறஞ்சிருக்கணும். ஒண்ணுகூடக் கொறயலன்னு மீசைமேல சத்தியம் பண்ணுனீங்க. தெனம் வித்துச்சு, மாடியிலேருந்து எதுவும் எறங்கல. அப்ப சரக்கு வெளியிலேருந்து வந்திருக்கு. அவங்க கொண்டாந்திருக்க முடியாது, கொழம்பையே கலக்கிப் பாத்துத்தான் உள்ள விடறீங்க. ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவுல இங்க இருக்கறது ஒரே ஆள். இதெல்லாம் நான் கண்டுபுடிக்கலீங்க. எல்லாம் நீங்க சொன்னதுதான்."

ஒரு மனிதன் தன்னைக் கட்டிக்கொள்ளத் தானே கயிறு திரித்து, முடிச்சும் போட்டு, இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்த்ததை கஸ்பார் அன்றுதான் கண்டான். நாள் முழுக்க அவரைப் பேசவிட்டு சென்றாயன் ஏன் கேட்டுக்கொண்டே இருந்தான் என்பதும் அப்போதுதான் புரிந்தது. மத்தியானச் சாப்பாட்டைத் தியாகம் செய்தது வீணாகவில்லை.

"ஏதாவது ஆதாரம் வேணுமில்ல?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அவர் முகத்தில் பாதி நம்பிக்கைதான் இருந்தது.

கஸ்பார் போலிப் பெட்டி ஒன்றை எடுத்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"இதை மோந்து பாருங்க. அப்புறம் அடிப்பொட்டிய மோந்து பாருங்க. அடிப்பொட்டி ஆயில் நாத்தம் அடிக்குது. மேல்பொட்டி சாம்பிராணி மணக்குது. ஞாயித்துக்கிழமை தவறாமப் பூசைக்குப் போறவனுங்க நான், சாம்பிராணியில என் மூக்கு ஏமாறாது. இந்த லைனிங் எல்லாம் ரொம்ப நாளு சாமி பக்கத்துல இருந்திருக்கு."

எல்லார் கண்ணும் பூஜை அலமாரிக்குப் போனது. கிருஷ்ணப்பன் அதன் முன்னால் போய் நின்றுகொண்டு, சாமி இருக்கிற இடம், செருப்புக் காலோடு யாரும் நெருங்கக் கூடாது என்றார்.

"நான் வேதக்காரன், மாதாகோயிலுக்குப் போறவன்தானுங்க," என்றான் கஸ்பார். "ஆனாலும் அப்பவே கழட்டிட்டேன்."

அரைஞாணிலிருந்து சாவியை சப்-இன்ஸ்பெக்டரே எடுத்தார். கதவு திறந்தது. மேல்தட்டில் ஒரு சின்னச் சாமி படம், விளக்கு, சாம்பிராணிக் கரண்டி. மற்ற தட்டுகள் நெடுக, கம்பெனியின் பழைய காலிப் பெட்டிகளில் அடைத்த போலி லைனிங். சாமியே கொஞ்சம் ஒதுங்கித்தான் உட்கார்ந்திருந்தார். கிருஷ்ணப்பனை மிரட்ட வேண்டியிருக்கவில்லை. ஐப்பசியில் மழை பிடித்தால் கணவாய் வழுக்கும், லாரிக்காரர்கள் கேட்ட விலை கொடுத்து பிரேக் லைனிங் வாங்குவார்கள், அதற்காக அசலை மாடியில் பதுக்கி வைத்ததாகவும், அதுவரைக்கும் சமாளிக்க இது என்றும் அவரே சொன்னார். சின்ன ஒரு ஒட்டுப்போடுகிற வேலை மாதிரிச் சொன்னார். ஒரு கால் போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

போலிப் பெட்டிகளையும் அவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். சொன்னபடி ஒன்றும் குறையவில்லை, ஆகையால் மீசை தப்பித்தது என்று கஸ்பார் வாசல்வரை வந்து தெரியப்படுத்தினான்.

திரும்பி வந்தபோது சென்றாயன் மிக்கேலம்மாளின் எதிரே, அதே மாதிரி ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, மத்தியானம் ஒண்ணு கேட்டீங்க. கடைசியா நீங்க வெச்சதுல ஏழு பொட்டி இன்னம் இங்கயே இருக்குது. மத்ததெல்லாம் அசலாப் போயிருக்குது. உங்க தம்பிக்குப் போனது உங்க கையால வெச்சது இல்ல."

அவள் தலையை ஆட்டினாள். ரெண்டு நாளாக அழாதவள் அப்போது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். குற்றமில்லை என்று ஆனதால் சவரியின் கால் திரும்பி வரப் போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அவனைப் பார்க்கப் போகலாம். ரெண்டு நாளாக அவள் போகவில்லை.

வெளியே ஒரு லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கிவந்து நஞ்சப்பனிடம் நாலு பிரேக் லைனிங் கேட்டான். நஞ்சப்பன் அந்த அறையைப் பார்த்தான், அங்கிருந்த மூவரையும் பார்த்தான், அப்புறம் மேலிருந்து நாலு பெட்டியை எடுத்தான். கொஞ்சம் தயங்கினான்.

"அக்கா," என்றான். "சுண்ணாம்பு."

மிக்கேலம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாடிக்குப் போய் ஒரு கேஸை இறக்கிவந்தாள். அறையில் மீதியிருந்த மூன்றையும் வெளியே எடுத்து வைத்தாள். கேஸை உடைத்து முதல் பெட்டியைக் கையில் எடுத்தவள், அடியில் வைக்கவில்லை. மூடியைத் திறந்து லைனிங்கை நகத்தால் கீறிப் பார்த்தாள். அப்புறம்தான் வைத்தாள். ரெண்டாவதையும் திறந்தாள். அப்புறம் டிரைவருக்கென்று எடுத்து வைத்த நாலையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பத்து வருஷமாக அவள் எந்தப் பெட்டியையும் திறந்து பார்த்ததில்லை. கம்பெனி பெயர் போட்டிருந்தால் போதும் என்று இருந்தவள். கஸ்பாரிடம் சாப்பாட்டைப் பற்றி ஒரு நல்ல நையாண்டி தயாராக இருந்தது. அதை அவன் விழுங்கிவிட்டு, கேஸுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பெட்டிகளைப் பிரித்து அவள் கையில் கொடுக்க ஆரம்பித்தான்.

டிரைவர் வெயிலைப் பார்த்தான். "சீக்கிரம் குடும்மா. வெளிச்சத்துலயே கணவாய் எறங்கணும்."

"எறங்கத்தான போறீங்க, நில்லுங்க," என்றாள் மிக்கேலம்மாள், அடுத்த பெட்டியைத் திறந்துகொண்டே.